குமிழிக் கணக்கு

கோரையாற்றுக்குத் தெற்கே
மீத்தேன் என்ற சொல்லை உரக்கச் சொல்லக் கூடாது.
முதல் நாளே சொல்லிவிட்டேன்.
வரப்பில் நின்றவர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார்.
"கொழா எறக்கப் போறியளா?"
இல்லைங்க, இது பெட்டி. அடி கிடையாது.
பயிர்மேல் கவிழ்த்து வைத்து
அரை மணி நேரம் சேறு விடும் மூச்சைப் பிடிப்பேன்.
அவர் குனிந்து பார்த்தார்.
"உள்ள ஒண்ணும் இல்லியே."
இனிமேல்தான் என்றேன்.
அன்றிலிருந்து அந்த ஊருக்கு நான்
மூச்சுப் புடிக்கிற பொண்ணு.

பெட்டி கவிழ்த்ததும் ஒன்று,
பதினைந்தாம் நிமிடம் ஒன்று, முப்பதில் ஒன்று.
ஊசியால் உறிஞ்சிச் சின்னச் சீசாக்களில் அடைத்து
தெர்மாகோல் பெட்டியோடு மன்னார்குடி பஸ்ஸில் ஏறினால்
கண்டக்டர் கேட்கிறார்: ரத்தமா?
காற்று.
காற்றுக்கும் லக்கேஜ் போட்டார்.

புரட்டாசியில் வயல் ஆறு, பெட்டி மூன்று
திடீரென்று மும்மடங்கு விட்டது.
இரண்டு நாள்.
பிறகு ஏறக்குறைய ஒன்றுமேயில்லை.
மழை காரணமா என்று பார்க்க
மழைக்கணக்கு தாலுகா ஆபீசில், பசலி ஆண்டுப்படி.
உரம் காரணமா என்றால் அது வேளாண்மைத் துறையில், ஹெக்டேரில்.
தண்ணீர் நீர்வளத் துறையுடையது, ஏக்கரில்,
அதுவும் ஏழாம் நம்பர் மதகு வரைக்கும்தான்;
மதகைத் தாண்டிவிட்டால் தண்ணீர் யாருடையதும் இல்லை.
வாரியத்தின் வரைபடத்தில் அந்த இடம் ஒரு சிவப்புப் புள்ளி.
உழுகிறவருக்கு மட்டும் அது புளியடிச் செய்.
புளி விழுந்து பல வருஷமாயிற்று.

கடிதம் எழுதினேன்.
ஆற்றைத் திறப்பது போலவே கடிதத்தையும்
முறை வைத்துத்தான் திறக்கிறார்கள்.
மேலே இருப்பவர் பாய்ச்சிக்கொண்டு மிச்சம் விடுவார்.
நான் கடைமடை.
கார்த்திகையில் வந்து சேர்ந்தது ஒரு பதில்:
தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.

திருவாரூரில் கூட்டம்.
மிக்சர், டீ, சுவரில் ஒளிரும் கட்டங்கள்.
மூன்று துறையின் எண்களும் ஒரே திரையில்
ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நின்றன,
பங்கு பிரித்த அண்ணன் தம்பிகள்
கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தது போல.
தர மறுத்தீர்களா என்று கேட்டார் தலைமையில் இருந்தவர்.
"மறுக்கல சார்," என்றார் வாரியத்துப் பொறியாளர் ரெஹானா.
"இதுவரைக்கும் யாரும் கேட்கல."
என் மும்மடங்குக்கு எதிரே
கருவிப் பிழை என்று சிவப்பில் எழுதி வைத்திருந்தேன்.
சாயங்காலம் அழித்துவிடுவதாக இருந்தேன்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. மதகுக்குப் போனேன்.
லஸ்கர் காத்தலிங்கம் ஷட்டருக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.
ஜவுளிக்கடை கொடுத்த டைரி ஒன்று,
அரைஞாணில் சாவிக்கொத்து போல இடுப்பிலேயே இருக்கும்.
எச்சில் தொட்டுப் புரட்டினார்.
*புரட்டாசி 11. கீழ ஒடப்பு. எறக்கியாச்சு.*
*12. வெயில்.*
*13. வெயில். புளியடிச் செய்யில் தர வெடிச்சுருக்கு.*
*20. தொறந்தேன்.*

தரை வெடித்ததும்
அடியில் அடைபட்டுக் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சாக வெளியேறி
அப்புறம் சேறு தூங்கிப்போயிருக்கிறது.
காய்ச்சலும் பாய்ச்சலும் என்று
பயிற்சி முகாமில் பேனர் கட்டிச் சொல்வதை
ஓர் உடைப்பு தானாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறது.
கருவி சரி.
"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"
"எறக்குனா சொல்லணும்னு இருக்கா?"

இப்போது அட்டவணையில் ஒரு புதுப் பத்தி இருக்கிறது.
தலைப்பில் காத்தலிங்கம் என்று போட்டேன்.
இது எந்தத் துறை என்று கேட்டு
இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
இன்னும் மாற்றவில்லை.
பசலியும் இன்னும் பசலியாகத்தான் வருகிறது.

நேற்று ராத்திரி பத்தரைக்கு செல்போனில் ஒரே சொல்:
எறக்குறேன்.
எழுந்து சீசாக்களை எண்ணினேன்.
இரண்டு குறைகிறது.